கொம்புத் திருக்கையும் நீலக்குறிஞ்சியும்

கடலில் வாழும் திருக்கைக்கும் மலையில் மலரும் குறிஞ்சிக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். எங்கள் இல்லத்தில் அவ்விரண்டுக்கும் உறவு உண்டு. எங்களுள் ஒருவர் தூத்துக்குடிக் கடற்கரையினர். மற்றவர் கொடைக்கானல் மலையில் வளர்ந்தவர். தில்லியில் குடியேறிய நாங்கள் மகளுக்கு ஊர்ப்பெருமை உரைக்கும்போது, ஒருவர் கொம்புத் திருக்கையை முன்னிறுத்துவார்; மற்றவர் நீலக்குறிஞ்சியை முன்னிறுத்துவார்.

கொம்புத் திருக்கைகளுள் மிகப் பெரிய இனம் 7 மீட்டர் அகலம் வரை வளரக்கூடியது. இத்துணைப் பெரிய உடல் படைத்தும் அது உண்பது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையே. பிற திருக்கைகளைப் போல நச்சுமுள்ளால் தாக்குவதும் இல்லை. குறிஞ்சியோ மலைப் புல்வெளியில் எளிய புதராக நிற்பது. பூக்குங்கால் மலைச்சரிவு முழுவதையும் நீலமாக்கிவிடுவது.

தோற்றத்தில் இவ்வாறு வேறுபட்ட இரண்டும் ஒன்றில் ஒத்திருக்கின்றன. இரண்டும் விரைந்து பெருகா. திருக்கை ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் செல்லும். குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை சொரிந்து, மடியும். பெற்ற தாயின் துணையின்றியே குட்டி கடலில் நீந்தும். விதையும் மண்ணில் முளைக்கும்.

ஆதலின் இவற்றுக்கு நேரும் இழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலாது. செவுள் தட்டுகளின் விலை கருதித் திருக்கையைக் கொன்றால், கடல் அதனை விரைவில் திருப்பித் தாராது. விதை முதிருமுன் புதரை அழித்தாலோ, புல்வெளியைத் தோட்டமாக்கினாலோ, அடுத்த பூப்பு அங்கே இல்லை. இது கருதியே 2006-ஆம் ஆண்டில் கேரள அரசு குறிஞ்சிமலைக் காப்பகத்தை அறிவித்தது. 2013-ஆம் ஆண்டில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு மாநாடு கொம்புத் திருக்கை வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது.

எங்கள் மகள் பிறந்தது 2018-ஆம் ஆண்டில். அவ்வாண்டு குறிஞ்சி பூத்தது. கைக்குழந்தையோடு அத்துணைத் தொலைவு செல்ல இயலவில்லை. இனி 2030-ஆம் ஆண்டில்தான் அது பூக்கவேண்டும். அப்போது மகளுக்கு வயது 12. கொடைக்கானலில் உள்ள பாட்டிக்கு 84. விடுப்பையும் பயணச் செலவையும் எண்ணி, ஊர்ப் பயணத்தை அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று தள்ளிவைப்பது அயலூரில் வாழும் நம்மனோர்க்கு இயல்பன்றோ? பூவுக்குக் கணக்கு உண்டு. முதியோர் வாழ்நாளுக்கு அவ்வாறு கணக்கு இல்லை. எனவே பூப்புக் காலம்வரை காத்திராமல் வரும் கோடையிலேயே புறப்பட முடிவுசெய்துள்ளோம். மலை அப்போது பச்சையாகத்தான் இருக்கும். பாட்டி இருப்பார், அது போதும்.