தோரோவின் ஓரிரவுச் சிறை

அமெரிக்க வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு வாஷிங்டனும் லிங்கனும் நினைவுக்கு வருவர். எனக்கோ, செப்பனிடக் கொடுத்த காலணியை வாங்கிவரப் போன ஒருவர் சிறைப்பட்ட கதையே முதலில் நினைவுக்கு வருகிறது.

1846-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்னும் சிற்றூரில் அது நிகழ்ந்தது. ஹென்றி டேவிட் தோரோ அப்போது வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் வாழ்ந்துவந்தார். குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று, ஆணிக்கும் சுண்ணாம்புக்கும்கூடக் கணக்கு எழுதிய மனிதர்! (அக்குளத்துப் பனிக்கட்டியைக் கப்பலேற்றிச் சென்னைக்கும் அனுப்பினர் என அவரே எழுதுகிறார். கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸைப் பார்த்த அன்பர்கள் இதை நம்புவர்.) அவர் சில ஆண்டுகளாகத் தலைவரி கட்டவில்லை. அடிமை முறையைக் காத்து, மெக்சிகோவின்மீது போரும் தொடுத்த அரசுக்கு என் காசு ஏன் போகவேண்டும் என்பது அவர் வாதம். அன்றிரவே யாரோ ஒருவர் வரியைக் கட்டிவிட்டார். அவருடைய அத்தை என்பர். காலையில் விடுதலை. தோரோவோ பெருஞ்சினம் கொண்டாராம்! பின்னர் காலணியை வாங்கிக்கொண்டு காட்டுப்பழம் பறிக்கப் போய்விட்டார்.

அந்த ஓரிரவைப் பற்றிய கட்டுரை 1849-இல் அச்சாயிற்று. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் அதைப் படித்துப் போற்றினார். நமக்குக் குடியாட்சிப் பாடம் சொல்லும் அமெரிக்க அரசியலமைப்போ, 1787-இல் எழுதப்பட்டபோது, பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வகுக்க அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று பங்காகவே கணக்கிட்டது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அதே தலைவரி, தென்மாநிலங்களில் கறுப்பினத்தாரை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கும் கருவியாயிற்று. கூட்டாட்சித் தேர்தல்களில் அதை ஒழிக்க 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி என் கதை. சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் யாரோ ஒரு சன்னலை உடைக்க, அந்தத் தளத்தார் அனைவர்க்கும் இருநூறு ரூபாய் அபராதம் விதித்தனர். செய்யாத குற்றத்துக்குக் கட்டமாட்டேன் என்றேன். தேர்வுச்சீட்டை நிறுத்துவோம் என்றார்கள். அப்போதும் அசையவில்லை; தோரோவைப் படித்த சூடு! செய்தி எப்படியோ ஊருக்கு எட்ட, அக்கா என்னைக் கேளாமலே தொலைபேசி வழியாகப் பணத்தைக் கட்டிவிட்டாள்.

"என் போராட்டத்தைக் கெடுத்துவிட்டாயே அக்கா!" என்று கத்தினேன்.

"சரிடா, தேர்வை எழுது" என்றாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தோரோவின் சினம் மெய்யானது. என் சினத்துக்கு அடியில், அப்பாடா என்றொரு மூச்சு இருந்தது. அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு நன்றாக உறங்கினேன். காலையில் நண்பர்கள் முதுகில் தட்டி, "உன் அக்கா மட்டும் கட்டாதிருந்தால்…" என்றபோது, நானும் ஆமெனத் தலையாட்டினேன்.

அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அந்த இருநூறு ரூபாயையும் கொடுக்கவில்லை.