எடை மாறாத ஈயக்குண்டு

போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது அப்பாவோட குண்டு வார்ப்பு அச்சு கையில் கிடைச்சது. ரெண்டு இரும்புத் துண்டு, ஒரு பக்கம் கீல், உள்ளே அஞ்சு குழி. அதைப் பத்தித்தான் இன்னைக்கு.

பள்ளிக்கரணைன்னா உங்களுக்கு அடுக்குமாடிகளும் வண்டி நெரிசலும்தான் ஞாபகம் வரும். நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க வயலை ஒட்டியே சதுப்பு நிலத் தண்ணி நிக்கும். அறுப்பு முடிஞ்சதும் வீச்சு வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு அப்பா கிளம்பிடுவார்.

அந்தச் சமயத்துல சில நரிக்குறவர் குடும்பங்கள் கரையோரம் வந்து தங்கும். அவங்ககிட்ட நாட்டுத் துப்பாக்கி இருக்கும். குழல் வாய் வழியா கருமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால இடிச்சு இறக்கிச் சுடற வகை. கொக்கு, வாத்துன்னு பறவை வேட்டை அப்போ சாதாரணமா நடந்தது. இன்னைக்குச் செஞ்சா ஜெயில்தான். அவங்கள்ல ஒரு பெரியவர் எங்க கொல்லையில உக்காந்துதான் குண்டு வார்ப்பார். அப்பா அவருக்கு நெல் அளப்பார். அவர் அப்பாவுக்கு வார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

துப்பாக்கிக்குக் குண்டு பெருசாப் போனா குழல்ல இறங்காது. சிறுசாப் போனா, சுத்தி இருக்கிற சந்துல புகை கசிஞ்சு வேகம் போயிடும். வீச்சு வலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஓரத்துல கோத்திருக்கிற குண்டு ஒரு பக்கம் கனமா, ஒரு பக்கம் லேசா இருந்தா வலை வட்டமா விரியாது. லேசான பக்கம் மெதுவா இறங்கும், மீன் அந்த வழியாப் போயிடும்.

அதனால அப்பா வார்ப்புல ரொம்பக் கறார். காயலாங்கடையில பழைய காரீயம் வாங்கிட்டு வருவார். கரி அடுப்புல இரும்புக் கரண்டியை வச்சு உருக்குவார். மேல சாம்பல் நிறத்துல ஏடு மிதக்கும். ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறி, அந்த அழுக்கை வழிச்சு எடுப்பார். அச்சை முதல்லயே சூடு பண்ணணும். ஆறின அச்சுல ஊத்தினா குண்டு சுருக்கம் விழுந்து அரைகுறையா வரும். அச்சுல ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் தெறிச்சு முகத்துக்கு வந்துடும். முதல் ரெண்டு ஈடு எப்பவும் கழிவு, திரும்பக் கரண்டிக்கே போகும். அதுக்கப்புறம் ஒரே வேகத்துல, நிறுத்தாம ஊத்தணும். ஆறினதும் ஒவ்வொரு குண்டையும் தராசுல வைப்பார். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற குண்டுல எடை குறைஞ்சா, உள்ளே காற்றுக் குமிழி இருக்குன்னு அர்த்தம். அதுவும் கரண்டிக்குத்தான்.

ஒரு தடவை அப்பா ஊர்ல இல்லாதப்போ நானே வார்த்தேன். ஈயம் பத்தலை. அம்மாவோட ஓட்டை விழுந்த ஈயச்சொம்பை எடுத்துக் கரண்டியில போட்டுட்டேன். குண்டு பளபளன்னு வந்தது, எனக்கு ஒரே பெருமை. தராசுல வச்சா ஒண்ணு கூடத் தேறலை. திரும்பி வந்த அப்பா சிரிச்சார், அம்மா சிரிக்கலை.

ஈயம்னு ஒரே பேர்ல நாம ரெண்டு உலோகத்தைச் சொல்றோம். ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில உருகும். வலைக்குண்டு காரீயம், 327 டிகிரி. ஒரே அளவு குழியில வெள்ளீயத்தோட எடை காரீயத்துல மூணுல ரெண்டு பங்குதான். காரீயம் விஷம், அதுவும் குழந்தைகளோட மூளைக்கு. அதனால ஈயச்சொம்பு வாங்குறவங்க அது சுத்த வெள்ளீயம்தானான்னு சோதிச்ச இடத்துல வாங்குங்க. எங்க வீட்டுல அன்னைக்கு இதெல்லாம் யாருக்கும் தெரியாது. வார்த்து முடிச்சுக் கை கழுவினதோட சரி.

அப்பாவுக்கு அப்புறம் நானும் முப்பது வருஷம் வார்த்தேன். எடையில அவர் பேரைக் காப்பாத்தினேன்னு எனக்கு ஒரு கர்வம் உண்டு. சில வருஷம் முன்னாடி, நான் குண்டு கோத்துக்கிட்டு இருக்கும்போது என் பொண்ணு கேட்டா: “அப்பா, எதுக்கு வருஷா வருஷம் புதுசு வார்க்கிற? பழசு எங்க போச்சு?”

“முள்ளுல, கல்லுல மாட்டி அறுந்துடும்மா.”

“அறுந்து?”

தண்ணியிலதான் கிடக்கும்னு சொல்ல வந்தவன் அப்படியே நிறுத்திட்டேன். குண்டு ஒண்ணு 12 கிராம். வருஷத்துக்கு இருபதாவது போயிருக்கும். முப்பது வருஷத்துக்கு அறுநூறு குண்டு. ஏழு கிலோவுக்கு மேல காரீயம், என் ஒருத்தன் வலையிலிருந்து மட்டும்.

வாத்து மாதிரிப் பறவைகள் இரை செரிக்கச் சின்னச் சின்னக் கல்லை முழுங்கும். கல்லுன்னு நினைச்சு ஈயத்தையும் முழுங்கும். இங்கிலாந்துல அன்னப்பறவைகள் இப்படிச் செத்ததாலதான் 1987-ல தூண்டில் ஈயத்துக்குத் தடை போட்டாங்க. 0.06 கிராம்லேருந்து 28.35 கிராம் வரைக்கும் விக்கக் கூடாது. என் 12 கிராம் குண்டும் அந்தக் கணக்குக்குள்ளதான் வருது. துப்பாக்கி வச்சிருந்தவங்க குறி பார்த்து ஒண்ணு ரெண்டு பறவையைச் சுட்டாங்க. நான் குறியே பார்க்காம ஏழு கிலோவைப் போட்டு வச்சிருக்கேன்.

2022-ல நம்ம சதுப்பு நிலம் ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது. ஊர்ல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, நானும்தான். ஆனா எனக்கு அந்தச் சேத்துக்கு அடியில கிடக்கிற குண்டுதான் ஞாபகம் வந்தது.

இப்ப தெரிஞ்சவர் ஒருத்தரோட மீன் குளத்துல மட்டும்தான் வலை வீசுறேன். குண்டை எல்லாம் அறுத்துட்டு இரும்புச் சங்கிலி கட்டியிருக்கேன். இரும்பு காரீயத்தை விட லேசு, வலை கொஞ்சம் மெதுவாத்தான் இறங்குது. ஜிலேபி மீன் பாதி தப்பிச்சிடுது. இந்த வயசுல திரும்ப வீசப் பழகிட்டு இருக்கேன்.

அறுத்த குண்டுகளைக் காயலாங்கடையில போட மனசு வரலை, வேற யாராவது வாங்கி வலையில கோப்பாங்க. ஒரு டப்பாவுல மூடிப் பரண்ல வச்சிருக்கேன், அச்சும் பக்கத்துலயே இருக்கு. வார்க்கறதுக்கு இல்லை, அப்பா ஞாபகத்துக்கு.