விஸ்வகர்மா கொடுத்த கோடரி

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் லேத் ஓடும் சத்தத்தைவிடத் தேய்க்கும் சத்தம்தான் அதிகம். 1980இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை தொடங்கியது, டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகளும் இந்த ஊரில்தான். பெரிய ஆலைகளின் நிழலில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர் என்று வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் பெருகின. அப்படி ஒரு பட்டறைக்குத்தான் போயிருந்தேன்.

மேஸ்திரி அறுபதைத் தொட்டவர். லேத்தின் ‘சக்’கைக் கழற்றி, அதன் மூன்று தாடைகளையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையில்தான் திரும்ப மாட்ட வேண்டும். மாறினால் ஜாப் மையத்தில் நிற்காது. தேய்த்து முடித்த பையன் ஆர்வத்தோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தான்.

“பெட் மேல பொட்டு வைக்காத தம்பி, ஈரம் பட்டா துரு ஏறிடும். பெயின்ட் அடிச்ச இடத்துல வை.”

மைக்ரோமீட்டருக்குச் சந்தனமே கிடையாது. பெட்டியோடு சாமி படத்தின் முன்னால் வைத்ததோடு சரி. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் கருவிக்கு அதுதான் மரியாதை. அந்தப் பக்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சுவரில் மகிஷாசுரமர்த்தினி படம். எருமைத் தலையன் நம் சோம்பலும் ஆணவமும், தேவி அவற்றைக் கொல்லும் உள்வலிமை என்பது வழக்கமான விளக்கம். தவறில்லை. ஆனால் அந்த விளக்கம் போர்க்களத்தில் தொடங்குகிறது. தேவி மகாத்மியத்தில் போருக்கு முன்னால் ஒரு நீண்ட பகுதி உண்டு. தேவர்களின் ஒளியெல்லாம் திரண்டு தேவி உருவாகிறாள். சிவன் தன் சூலத்திலிருந்து ஒரு சூலத்தை உருவித் தருகிறார். திருமால் தன் சக்கரத்திலிருந்து ஒரு சக்கரம். வருணன் சங்கு, வாயு வில், இமவான் சிங்கம். விஸ்வகர்மா கோடரியும் கவசமும் தருகிறார். அவள் கைகளில் இருப்பவை எல்லாம் வாங்கியவை. கொடுத்தவர்களிடமும் குறையவில்லை.

வளர்ச்சி என்பதைத் தனி ஆளின் மன உறுதியாக மட்டும் பேசும் காலத்தில் இந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். மேஸ்திரியின் கைக்கும் இதே வரலாறுதான். லேத்தில் வெட்டும் டூல் பிட்டைக் கல்லில் பிடிக்கும் கோணத்தை அவருக்குக் கற்றுத் தந்தவர் பெங்களூரில் வேலை பார்த்த ஒரு கன்னடக்காரர். வெர்னியர் பார்க்கச் சொல்லித் தந்தவர் தெலுங்கு பேசும் ஃபிட்டர். இன்று அவர் பழக்கும் இந்தப் பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன்; செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா பூஜையையும் இதே பட்டறையில் செய்தானாம்.

மகிஷன் ஒரே உருவத்தில் நிற்பதில்லை. எருமையைப் பாசக்கயிற்றால் கட்டினால் சிங்கமாகிறான். பிறகு வாளேந்திய மனிதன், பிறகு யானை. உருவம் மாற மாறத் தேவியும் ஆயுதத்தை மாற்றுகிறாள். மேஸ்திரிக்கும் கைலேத்தில் தேர்ந்த பிறகு சி.என்.சி. வந்தது, ஐம்பது வயதில் எண்களை உள்ளிடப் பழகினார். “அதுவும் ஒரு சின்னப் பொண்ணு சொல்லித் தந்ததுதாங்க” என்றார்.

மறுநாள் பொரி, கடலை, பூசணிக்காய், ராயக்கோட்டைப் பக்கத்துப் பூ. எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துப் பட்டறைகளிலும் அன்று இதே பூஜைதான்.

விஜயதசமி காலை மேஸ்திரி கிரைண்டரின் முன்னால் பையனை நிறுத்தினார். அழுத்திப் பிடித்ததில் பிட்டின் முனை நீலம் பூத்துவிட்டது. முனை அளவுக்கு மீறிச் சூடானதன் அடையாளம் அது. மேஸ்திரி அதை ஒதுக்கி வைத்தார். “அழுத்தாத. கல்லு தானா எடுத்துக்கும். நடுநடுவுல தண்ணியில முக்கு” என்று வேறொரு பிட்டை எடுத்துக் கொடுத்தார். அவசர ஜாப் ஒன்று டெலிவரிக்குக் காத்திருந்தது. பையன் தீட்டி முடிக்கும்வரை அவர் அதைத் தொடவில்லை.