முறுக்கும் எட்டு மாதக் காலண்டரும்

ஃபெரெட் என்ற பிராணியை நம் ஊரில் பலரும் பார்த்திருக்க மாட்டார்கள். கீரிப்பிள்ளையை இன்னும் கொஞ்சம் ஒல்லியாக்கி, கண்ணைச் சுற்றித் திருடன் மாதிரி ஒரு கறுப்புப் பட்டை கட்டிவிட்டால் அதுதான் ஃபெரெட். ஐரோப்பாவில் முயல் பிடிப்பதற்காகப் பல நூற்றாண்டுகளாகப் பழக்கப்பட்டது. அமெரிக்காவில் நாய், பூனை போல வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் தடை உண்டு. நாங்கள் இருப்பது நியூஜெர்சி.

ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்குவான் எங்கள் செல்லம். சுருண்டு படுத்தால் தலை எது, வால் எது என்று தெரியாது. அதைப் பார்த்துத்தான் மகள் 'முறுக்கு' என்று பெயர் வைத்தாள். முழித்துக்கொண்டால் வீடு ரெண்டுபடும். முதுகை வளைத்து, பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஆடுவான். கூடவே 'டுக் டுக்' என்று கோழி மாதிரி ஒரு சத்தம். கையில் கிடைக்கும் ஒற்றைச் சாக்ஸ், அழிரப்பர் எல்லாம் ஏதாவது மூலைக்குள் போய்விடும். 'குட்டித் திருடன்' என்று அர்த்தம் தரும் லத்தீன் சொல்லிலிருந்துதான் ஃபெரெட் என்ற பெயரே வந்தது.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் அவனைப் பிடிக்கவில்லை. "ஏட்டி, கீரிப்பிள்ளையைப் போயா வீட்டுக்குள்ள வளக்கிய?" என்பாள். இங்கே வந்து மூன்று மாதம் தங்கியபோதும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஃபெரெட்டின் ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 8 வருஷம்தான். முறுக்குக்கு ஐந்தரை வயதானபோது ஒரு மாற்றம் தெரிந்தது. நடந்துகொண்டே இருப்பவன் திடீரென்று நின்று, எங்கேயோ வெறித்துப் பார்ப்பான். பின்னங்கால் தள்ளாடும். எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொள்வான். ஃபெரெட் பார்க்கும் டாக்டர் 40 நிமிட டிரைவில் இருந்தார். ரத்தத்தில் சர்க்கரை 48. நல்ல ஆரோக்கியத்தில் இருந்தால் 90-க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

நோயின் பெயர் இன்சுலினோமா. கணையத்தில் வரும் கட்டி. அது தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வயதான ஃபெரெட்டுகளுக்கு அடிக்கடி வரும் நோய்தான் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் கட்டி திரும்ப வருவது சகஜம். அவன் வயதைப் பார்த்து மருந்து போதும் என்று முடிவு செய்தோம். தினம் இரண்டு வேளை ஸ்டீராய்டு சிரப். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறைச்சிக் கூழ். சைவச் சமையல் மட்டுமே நடக்கும் எங்கள் சமையலறையில் சிக்கன் கூழ் பாட்டில்கள் வரிசைகட்டின. ராத்திரி மூன்று மணி முறை என் கணவருடையது.

சர்க்கரை குறைகிறது என்று இனிப்பு கொடுத்துவிடக் கூடாது. இனிப்பைக் கண்டதும் அந்தக் கட்டி இன்னும் இன்சுலினைக் கொட்டும். சர்க்கரை மறுபடி விழும். மயங்கி விழுகிற ஆபத்தில் மட்டும் ஈறில் கொஞ்சம் தேன் தடவி, தெளிந்ததும் கூழ் கொடுத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இருபது வருஷமாகச் சர்க்கரைக்கு மருந்தும் இன்சுலினும் எடுப்பவள். "லோ சுகரா? எனக்கும் வந்திருக்குல்லா. கை காலெல்லாம் வெடவெடன்னு ஆடும், கண்ணு இருட்டும். நானாவது வாயைத் திறந்து சொல்லிருவேன். அது வாயில்லாச் சீவன்" என்றாள். மறுநாளிலிருந்து போனை எடுத்ததும் முதல் கேள்வி, "முறுக்கு சாப்ட்டானா?"

டாக்டர் ஒரு யோசனை சொன்னார். வயதான நாயோ பூனையோ வீட்டில் இருப்பவர்களுக்கும் அது பயன்படும். அதற்கு ரொம்பப் பிடித்த மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தினம் ராத்திரி, இன்றைக்கு நல்ல நாளா, கெட்ட நாளா என்று குறியுங்கள். கெட்ட நாட்கள் நல்ல நாட்களைத் தாண்டும்போது என்னிடம் பேசுங்கள் என்றார். முறுக்கின் மூன்று: குதியாட்டம், சாக்ஸ் திருட்டு, என் கணவரின் ஸ்வெட்டர் கைக்குள் புகுந்து தூங்குவது. மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் காலண்டரில், ராகு காலத்துக்குப் பக்கத்தில், மகள் பச்சை, சிவப்புப் புள்ளி வைத்தாள்.

ஆறு மாதம் கிட்டத்தட்ட எல்லாமே பச்சை. ஏழாவது மாதம் பாதிப் பாதி. எட்டாவது மாதத்தில் ஆட்டம் நின்றது, பிறகு திருட்டும் நின்றது. மருந்தின் அளவைக் கூட்டியும் ஒரே வாரத்தில் இரண்டு முறை வலிப்பு வந்தது. மகள் எதுவும் சொல்லாமல் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். அந்த வாரத்தில் ஒரு பச்சைகூட இல்லை.

ஊசி போட்டு அனுப்புவது நாங்கள் வளர்ந்த வீடுகளில் பேசாத விஷயம். "பாவமாம்மா?" என்று கேட்டேன்.

"குழந்தையக் காப்பாத்துன கீரியை அந்தப் பொம்பளை நின்னு பாக்காம அடிச்சுட்டா. நீங்க எட்டு மாசமா ராத்திரி பகலா பாத்திருக்கிய. ரெண்டும் ஒண்ணாகுமாட்டி?" என்றாள் அம்மா.

முதலில் மயக்க மருந்து கொடுத்தார்கள். என் கணவரின் ஸ்வெட்டர் கைக்குள் சுருண்டு தூங்கிப்போனான். அதற்குப் பிறகுதான் அந்த ஊசி. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தார். நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து சோபாவை நகர்த்திப் பெருக்கினோம். பின்னால் ஏழு ஒற்றைச் சாக்ஸ், மூன்று அழிரப்பர், ஒரு சாம்பல் நிற மூடி. அம்மா இங்கே இருந்தபோது தேடித் தேடிக் கிடைக்காமல் போன இன்சுலின் பேனாவின் மூடி அது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "களவாணிப் பய!" என்று சிரித்தாள் அம்மா. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அதைத் தூரப் போட்டுராதட்டி. அடுத்து வரும்போது எடுத்துக்கிடுதேன்."