நாமா, நாங்களா?

மயூர் விஹாரில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. இரண்டாவது தளத்து வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ் ஜெபக்கூட்டம். வீட்டுக்காரப் பெண்மணி ஓய்வுபெற்ற தமிழாசிரியை. நாசரேத் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவர். பைபிள் வாசிப்பது எப்போதும் அவர்தான். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 4ம் அதிகாரம் வந்தால் மட்டும் ஒரு சொல்லை விழுங்கிவிடுகிறார். 'நாங்கள்' என்ற சொல்லை.

கதை கிறிஸ்தவர் எல்லோரும் அறிந்தது. கடலில் புயல். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. பின்பக்கத்தில் இயேசு தூங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பி, சாகப்போவது பற்றி உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். சாகப்போவது யார்? நாங்களா, நாமா?

ஆசிரியைக்கு இது வெறும் இலக்கணக் கேள்வி அல்ல. 2021 ஏப்ரலில் டெல்லி ஆக்ஸிஜனுக்காக அலைந்தபோது அவரது கணவரும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். மகள் இரவெல்லாம் போனில் சிலிண்டர் தேடினாள். படுக்கை கிடைத்த மறுநாள் அவர் இறந்துபோனார். அன்று மாலை ஊரிலிருந்து ஐயர் போனில் ஜெபித்துவிட்டு இந்தப் பகுதியைத்தான் வாசித்தார். ஆசிரியை பாதியில் போனை அணைத்துவிட்டார். "தலையணை வச்சுத் தூங்கினார்னு எழுதியிருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றார் பின்னர். ஒரு வருஷத்துக்கு மேல் கோயில் பக்கமே போகவில்லை.

கேள்வியைக் கிளப்பியது மகள். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள்; பைபிளை ஆங்கிலத்தில் வாசிப்பவள். அம்மா தமிழில் வாசித்ததைக் கேட்டு, "அதென்ன நாங்கள்? அவரும் அந்தப் படகிலதானே இருந்தார்?" என்றாள்.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இந்தியிலும் 'ஹம்' என்றால் போதும். தமிழ் மட்டும், கேட்பவர் சேர்த்தியா இல்லையா என்று சொல்லாமல் விடாது. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். பள்ளியில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம்தான். அது தன் விசுவாசத்தின் கழுத்தைப் பிடிக்கும் என்று ஆசிரியை நினைத்ததில்லை.

ஜெர்மனியைச் சேர்ந்த சீகன்பால்க் 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த காலத்திலிருந்தே தமிழ் பைபிள் சொற்களோடு மல்லுக்கட்டி வருகிறது. கடவுளுக்கு எந்தப் பெயர் என்பதே பெரிய பிரச்சினை. சீகன்பால்க்குக்கு அவர் சர்வேசுரன். பெப்ரீசியஸுக்குப் பராபரன். 1871ல் வந்த பவர் குழுவின் மொழிபெயர்ப்பில் தேவன். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து 1995ல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் கடவுள். தமிழகத்தின் சீர்திருத்த சபைகள் பலவற்றில் இன்றும் ஒலிப்பது பவர் மொழிபெயர்ப்புதான். ஆசிரியையின் கையில் இருப்பதும் அதுவே. படகுக் காட்சியில் அது 'நாங்கள்' என்கிறது.

மூலமான கிரேக்கத்தில் தனியாக ஒரு பிரதிப்பெயர் கிடையாது; வினைச்சொல்லின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். நாமும் நாங்களும் அங்கே ஒன்றுதான். தமிழில் பெயர்ப்பவர் எழுவாயை எழுத நினைத்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். அந்தச் சாய்வுக்குள் ஒரு இறையியலே இருக்கிறது.

இயேசு முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர் என்று கி.பி. 451ல் கால்செதோன் சங்கம் அறிவித்தது. சீடர்களின் வாயில் 'நாங்கள்' என்று வைத்தால் அவர் சாவுக்கு அப்பாற்பட்டவர், காப்பாற்றக்கூடியவர், ஆனால் தூரத்தில் இருப்பவர். 'நாம்' என்றால் அவரும் நனைந்திருக்கிறார். படகு கவிழ்ந்தால் அவரும் மூழ்குவார். முதலாவதில் வல்லமை இருக்கிறது, இரண்டாவதில் துணை இருக்கிறது. துக்க வீட்டில் இரண்டும் தேவைப்படுகிறது. ஒரே சொல்லில் இரண்டும் கிடைப்பதில்லை.

கடவுளுக்குத் துன்பமே கிடையாது என்பதுதான் திருச்சபை நெடுங்காலம் போதித்தது. யுர்கன் மோல்ட்மன் என்ற ஜெர்மானியர் அதைக் கேள்வி கேட்டார். 1943ல் ஹாம்பர்க் நகரில் குண்டு விழுந்தபோது பக்கத்தில் நின்ற நண்பன் செத்தான், இவர் பிழைத்தார். பிறகு ஸ்காட்லாந்தில் போர்க்கைதியாக இருந்தபோது, கைவிடப்பட்ட இயேசு சிலுவையில் கதறுவதை இதே மாற்குவில் வாசித்தார். 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற அவரது நூல் 1972ல் வெளிவந்தது. 2020 மார்ச் 27 அன்று, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று போப் பிரான்சிஸ் பேசியதும் இந்தப் படகுக் கதையைத்தான். எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம் என்றார் அவர். மனிதர்களுக்குள் அது 'நாம்' என்பதில் சந்தேகமில்லை. தூங்கியவரும் அதில் சேர்த்தியா என்பதுதான் ஆசிரியையின் கேள்வி.

2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை உயர்ந்தது. அதுவரை காணாத உயரம். ஆற்றங்கரையில் காய்கறி பயிரிட்டவர்கள் ஆடுமாடுகளோடு மயூர் விஹார் சாலையோரங்களில் கூடாரம் போட்டார்கள். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய ஆசிரியையிடம் ஒரு பெண், "ஹம் தோ டூப் கயே" என்றாள். மூழ்கிப் போனோம். மாடி வீட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் நுழையாத ஆசிரியை அந்த 'ஹம்'மைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்று யோசித்தபடி நின்றார். மறுநாள் காலையில் மகளோடு டீ கேனைத் தூக்கிக்கொண்டு போனார். பத்து நாள் போனார்.

போன மாதக் கூட்டத்தில் மறுபடியும் மாற்கு 4. வழக்கம்போல அந்தச் சொல் காணாமல் போனது. பக்கத்தில் இருந்த கத்தோலிக்க அம்மாள், வேளாங்கண்ணிக்காரர், தன் பொது மொழிபெயர்ப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க புஸ்தகத்துல நாமும் இல்ல, நாங்களும் இல்லையே டீச்சர். சாகப்போறோம்னு மட்டும்தான் இருக்கு."

ஆசிரியை புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "புத்திசாலிங்க" என்றார். பிறகு எல்லோரும் கண்மூடி ஜெபித்தார்கள். ஜெபத்தில் எப்போதும்போல 'எங்கள் பிதாவே' என்றுதான் தொடங்கினார். அந்த இடத்தில் வேறு சொல் போட தமிழில் வழியில்லை.