ராத்திரியில் போன் போட்ட பெட்டி

லீஸ்டு லைன் வாங்கக் கட்டுப்படியாகாத கம்பெனிகளுக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் கிடைத்த வழி ஐ.எஸ்.டி.என். சாதாரண போன் வந்த அதே செம்புக் கம்பிதான். அதில் 64 கிலோபிட் வேகத்தில் இரண்டு வழிகள். அழைப்பது, துண்டிப்பது போன்ற சேதிகளுக்கென்று 16 கிலோபிட்டில் மூன்றாவது வழி ஒன்று. மோடம் மாதிரி அரை நிமிஷம் கிறீச்சிடாது. ஓரிரு வினாடியில் லைன் கிடைத்துவிடும்.

சென்னையில் ஒருவர் கோயமுத்தூர் சர்வரில் இருக்கும் ஃபைலைத் திறந்தால், பெட்டி தானே டயல் செய்யும். கொஞ்ச நேரம் எதுவும் போகவில்லை என்றால் தானே வைத்துவிடும். நடுவில் ஒரு போன் போனதே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. பேசிய நேரத்துக்கு மட்டும் எஸ்.டி.டி. கட்டணம். இரண்டு வழியையும் சேர்த்து 128 ஆக்கினால் இரட்டைக் காசு.

எங்கள் ஆபீசில் முதல் பில் வந்ததும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பக்கம் பக்கமாக ராத்திரி அழைப்புகள். (11 மணிக்கு மேல் கால்வாசிக் கட்டணம், அதனால் பிழைத்தோம்.) அந்நேரம் ஆபீசில் இருப்பவர் வாட்ச்மேன் ஒருவர்தான். அவர் மகனுக்கோ கோயமுத்தூரில் மில் வேலை. வேறென்ன வேண்டும்? "அந்தப் பொட்டியத் தொட்டதுகூட இல்லீங்கய்யா" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் டைப்பாகிவிட்டது.

பட்டியலை வாங்கி நிதானமாகப் பார்த்தேன். எல்லாமே எங்கள் கிளை ஆபீஸ் பெட்டியின் நம்பருக்கு. ஞாயிறு உட்பட, நிமிஷத்துக்கு ஒன்று, பிசகாமல். நாளைக்கு 1440. எந்த மனுஷன் அப்படி டயல் செய்வான்?

பெட்டியை மாட்டியவர்கள் அதை பிரிட்ஜாக மாட்டியிருந்தார்கள். ரூட்டர், விலாசம் பார்த்து அனுப்பும் தபால்காரர். பிரிட்ஜ் அப்படியல்ல. எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பு எது வந்தாலும் அந்தப் பக்கமும் தள்ளிவிடும். எங்களுடையது நாவல் நெட்வேர் சர்வர். 60 வினாடிக்கு ஒரு தரம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று தண்டோரா போடும். அந்தத் தண்டோராவைச் சொல்லத்தான் பெட்டி கோயமுத்தூருக்கு போன் போட்டது. அரை நிமிஷம் சும்மா இருந்தது, வைத்தது. உடனே அடுத்த தண்டோரா.

அதே பெட்டியை ரூட்டராக மாற்றினோம். அறிவிப்புக்கெல்லாம் டயல் செய்யாதே என்று வடிகட்டி போட்டோம். லாக் அவுட் செய்யாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் எங்கும் உண்டே, அவர்களை சர்வர் சில நிமிஷத்துக்கு ஒரு தரம் "இருக்கிறாயா?" என்று கேட்கும். அதற்கு "இருக்கிறார்" என்று இங்கிருந்தே பொய் சொல்லவும் பெட்டிக்குத் தெரியும். அதையும் போட்டுவிட்டோம். அன்று ராத்திரி ஒரு அழைப்புகூட இல்லை.

கடிதம் கிழிக்கப்பட்டது. ஆனால் மேனேஜர் அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததாகக் கேள்விப்படவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன வாட்ச்மேன் திரும்பி வரவில்லை.