ஆளுக்கொரு கிண்ணம்

கொல்கத்தாவில் மழலையருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் பெற்றோர் முதலில் கேட்பது, "எப்போ மேடையில பாடுவா?" என்றுதான். தாகூரின் பிறந்தநாளான ரவீந்திர ஜெயந்தி வந்தால் தெருவுக்குத் தெரு மேடை போடும் ஊரில் அந்த ஆசை இயல்பு. ஆனால் மூன்று நான்கு வயதில் பாட்டு செய்கிற பெரிய வேலை, குழந்தையை இன்னொரு குழந்தைக்காகக் காத்திருக்கப் பழக்குவது. என் வகுப்பை அதைச் சுற்றியே அமைத்திருக்கிறேன்.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குழந்தைகளும் வங்காளிக் குழந்தைகளும் சேர்ந்து உட்காரும் வகுப்பு அது. கீர்த்தனக்காரர்கள் கையில் பார்க்கும் மந்திராவின் இரண்டு வெண்கலக் கிண்ணங்களையும் இணைக்கும் கயிற்றை அவிழ்த்துவிடுவேன். ஒன்று ஒரு குழந்தைக்கு, மற்றது எதிரே இருப்பவருக்கு. தனியாக ஆட்டினால் நாதம் வராது. முதலில் சண்டைதான். "ஆன்ட்டி, இவ வேகமா இடிக்கிறா!" ஒன்று ஓங்கி அடிக்கும், மற்றது கையை இழுத்துக்கொள்ளும். நான் குறுக்கிடாமல் தொடையில் தாளம் போட்டபடி இருப்பேன். மெல்ல மெல்ல ஓங்கிய கை தணியும். கண்கள் கிண்ணத்தை விட்டு எதிரே உள்ள முகத்துக்குப் போகும். விளிம்பும் விளிம்பும் தொட்டு நீளமாக ஒலிக்கும்போது இருவருக்கும் ஒரே சிரிப்பு. அடுத்தவர் இல்லாமல் தன் சந்தோஷம் இல்லை என்பதைக் கை கற்றுக்கொண்டுவிடுகிறது.

வடக்கத்திய கஹர்வா தாளத்துக்கு 8 மாத்திரை, நம் ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாவிட்டாலும் எண்ணிக்கை பொது. எல்லோரும் சேர்ந்து தட்டுவார்கள், எட்டாவதில் மட்டும் யாரும் தட்டக் கூடாது. கை துறுதுறுக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்குவார்கள். கோபம் வரும்போது கையை நிறுத்தவும் இதே அடக்கம்தான் வேண்டும். அதை விளையாட்டாகப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில் கிர்ஷ்னர், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நான்கு வயதுக் குழந்தைகள் 96 பேரை ஜோடி ஜோடியாக விளையாடவிட்டார்கள். பாதிப்பேர் பாட்டும் தாளமுமாக விளையாடினார்கள், மீதிப்பேர் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல். பிறகு பார்த்தால், பாடி ஆடியவர்களே கூட்டாளிக்கு அதிகம் உதவினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் செய்த இன்னொரு ஆய்வு என் வகுப்பின் பழக்கத்தையே மாற்றியது. குழந்தைகள் இயந்திரத்தோடு கொட்டுவதைவிட ஆளோடு சேர்ந்து கொட்டும்போது தாளம் நன்றாகப் பொருந்துகிறதாம், அதுவும் இரண்டரை வயதிலேயே. அன்றிலிருந்து ஸ்பீக்கர் வேண்டாம், என் குரலும் கையும் போதும் என்று வைத்துக்கொண்டேன். 1901-இல் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது பாட்டை அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே வைத்தார். அதன் அருமை குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பாடும்போது விளங்குகிறது.

அழுதுகொண்டு வரும் குழந்தையிடம் உடனே குதூகலப் பாட்டை எடுக்கக் கூடாது. அது தன் துக்கத்தை யாரும் மதிக்கவில்லை என்று இன்னும் உரக்க அழும். அதன் விம்மலின் வேகத்துக்கே முனகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவேன். மூச்சும் கூடவே இறங்கும். பிறகு அதன் பேரைப் பாட்டில் வைத்துக் கூப்பிட்டால் வட்டத்துக்குள் வந்துவிடும்.

பாட்டு மட்டும் குழந்தையை வளர்த்துவிடாது. வகுப்பில் காத்திருக்கக் கற்ற குழந்தையை வீட்டில் அதட்டி அவசரப்படுத்தினால் கற்றது தங்காது. அதனால் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். போனை ஓரம் வைத்துவிட்டு, தினம் பத்து நிமிஷம் குழந்தைக்கு எதிரே உட்காருங்கள். சுருதி தப்பினால் திருத்தாதீர்கள். தாளத்தை அது போடட்டும், நீங்கள் அதன் வேகத்துக்குப் போங்கள். தன் வேகத்துக்கு ஒரு பெரியவர் இசைந்து வருவதை அனுபவித்த குழந்தைதான் மற்றவர்களுக்கும் இசைந்துபோகக் கற்கிறது.